பாஸ்டெட்டின் பூனைகள்

அன்புள்ள ஆசிரியருக்கு,

நீல் கெய்மனின் ‘அமெரிக்கன் காட்ஸ்’ (2001) நாவலை வாசித்து முடித்தேன். எகிப்தின் பாஸ்டெட் அதில் இல்லினாய் மாநிலத்தின் கெய்ரோ என்ற சிற்றூரில், ஈமச்சடங்கு நடத்தும் வீடொன்றில் பழுப்புப் பூனையாகத் திரிகிறாள். ஒரு நாடே கும்பிட்ட தெய்வத்தை வீட்டுப் பூனையாக்குவது அவமதிப்பு இல்லையா?

ச.

அன்புள்ள ச.,

பாஸ்டெட்டைப் பூனையாக்கியது கெய்மன் அல்ல, எகிப்தியர்களேதான். பழைய சிற்பங்களில் அவளுக்குச் சிங்கமுகம். பூனைமுகம் பரவலானது வெகுகாலம் கழித்து, கிமு முதலாம் ஆயிரமாண்டில். உக்கிரமெல்லாம் செக்மெட் என்ற சிங்கத் தேவியின் பங்குக்குப் போக, இவள் சாந்தமானாள்.

அந்த வீட்டை நடத்துகிறவர்கள் எகிப்தியத் தெய்வங்களான அனுபிஸும் தோத்தும். பிணங்களைப் பதப்படுத்திய அனுபிஸ் தெய்வம் அமெரிக்காவிலும் அதே தொழிலைப் பார்த்து வயிறு கழுவுகிறது. நாவலில் எனக்கு மிகப் பிடித்த கற்பனை இது. பாஸ்டெட்டுக்குத்தான் அங்கே ஒரு தொழில் அமையவில்லை. என் மனத்தாங்கல் இதில்தான்.

பூனை என்றதும் இன்றைய எழுத்தாளர்களுக்கு மனம் இளகிவிடுகிறது. எகிப்தியர்கள் பூனையைக் கொண்டாடினார்கள் என்பது பாதிக்கதை. ஒரு பூனையைத் தவறுதலாகக் கொன்ற ரோமானியரைக் கூட்டம் கொன்றதையும், அரசன் அனுப்பிய அதிகாரிகளாலும் அதைத் தடுக்க முடியாமல் போனதையும் கிமு முதலாம் நூற்றாண்டின் கிரேக்க வரலாற்றாசிரியர் டியோடோரஸ் நேரில் கண்டு எழுதியிருக்கிறார். அதே காலப்பகுதியில் கோயில்களுக்காகப் பூனைகள் வளர்க்கப்பட்டு, கழுத்து முறிக்கப்பட்டு, துணி சுற்றி நேர்த்திக்கடனாகச் செலுத்தப்பட்டன. அந்த மம்மிகளை எக்ஸ்-ரே எடுத்தால் பலவற்றில் தெரிவது குட்டிகள். சிலவற்றில் பூனையே கிடையாது. சேறும் குச்சியும் நாணலும்தான். (சாமிக்குக் கொடுப்பதிலும் கலப்படம் அன்றே உண்டு.)

1890இல் எகிப்தின் பெனி ஹசனிலிருந்து ஏறத்தாழ 1,80,000 பூனை மம்மிகள் லிவர்பூல் துறைமுகத்தில் வந்திறங்கின. பாக்கெத் என்ற இன்னொரு சிங்கத் தேவியின் தலம் பெனி ஹசன். அவற்றை உரத்துக்காக ஏலம் விட்டார்கள். ஏலம் விட்டவர் ஒரு பூனையின் மண்டையையே சுத்தியலாகத் தட்டினார் என்று சொல்வார்கள்.

தெரியாமல் பூனையைக் கொன்றவன் தெருவில் பிணமாகிறான். தெரிந்தே கொல்கிறவன் கோயிலில் கூலி வாங்குகிறான். இரண்டுக்கும் காரணம் ஒரே பக்தி. இப்படியொரு கரு கையில் இருக்கும்போது, பாஸ்டெட்டை ஒயிலான பெண்ணாகவோ உறங்கும் பூனையாகவோ மட்டும் எழுதிவிட்டு நகர்வது எனக்குச் சோம்பலாகவே படுகிறது. அந்தக் கூலிக்காரன் வீட்டிலும் ஒரு பூனை இருந்திருக்கும் அல்லவா? அவன் கதையை யாராவது எழுதினால் முதல் ஆளாக வாங்குவேன்.

கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரடோட்டஸின் இரண்டாம் நூலில் 60ஆம் பகுதியைப் பாருங்கள். பாஸ்டெட்டின் தலமான புபாஸ்டிஸ் நகரத் திருவிழாவுக்கு ஆணும் பெண்ணுமாகப் படகேறி வருகிறார்கள். வழியில் ஊர் தென்பட்டால் படகைக் கரையோரம் ஒதுக்கி, அங்குள்ள பெண்களைக் கேலி பேசி, எழுந்து ஆடி, ஆடையைத் தூக்கிக் காட்டுகிறார்கள். ஆண்டின் மற்ற நாட்களில் செலவாகும் மொத்த மதுவையும்விட அந்த விழாவில் செலவாகும் மது அதிகமாம்! வாசித்துவிட்டு, பாஸ்டெட் சாந்தமானாள் என்று நான் மேலே எழுதியதற்காக என்னோடு சண்டைக்கு வாருங்கள்.