கேளுங்க சொல்றோம்: கருப்பு பிளாஸ்டிக்ல போகாத கறை

போன இதழ்ல வீட்டுலயே காருக்கு வேக்ஸ் போடறதைப் பத்தி எழுதியிருந்தோம். அதுக்கு வந்த லெட்டர் பாத்தா யாரும் பெயிண்ட்டைப் பத்தி கேக்கல, பெயிண்ட் அடிக்காத அந்த சொரசொர பிளாஸ்டிக்கைப் பத்திதான் கேக்கறாங்க. பம்பர் கீழ, வீல் ஆர்ச் மேல, வைப்பருக்கு அடியில, கதவு பீடிங்ல இருக்குமே, அதான். சரின்னு இந்த தடவை பூரா அதுக்கே ஒதுக்கியாச்சு.

சார், சின்ன எஸ்யூவி வெச்சிருக்கேன், வெள்ளை கலர், சுத்தி கருப்பு கிளாடிங், அதான் அந்த பிளாஸ்டிக் பட்டை. நீங்க எழுதினத படிச்சிட்டு ஞாயித்துக்கிழமை உக்காந்து வேக்ஸ் போட்டேன், பெயிண்ட் பளபளன்னு ஆயிடுச்சு, ஆனா கிளாடிங் ஓரம் பூரா வெள்ளை வெள்ளையா பட்டை விழுந்துடுச்சு. ஷாம்பு போட்டு கழுவுனா ஈரமா இருக்கற வரைக்கும் ஒண்ணும் தெரியல, காஞ்சதும் திரும்ப அதே கதை. பக்கத்து வீட்டு அண்ணன் பெட்ரோல் போட்டு துடைச்சா போயிடும்னு சொல்றார். துடைக்கலாமா?
*வாசகர், வேளச்சேரி*

பெட்ரோல் வேணாம் தம்பி. தீப்பிடிக்கற சமாச்சாரம்ங்கறது ஒரு பக்கம். இன்னொரு பக்கம், கதவு ஓரத்துல, ஜன்னல் ஓரத்துல ஓடற ரப்பர் பெரும்பாலும் ஈபிடிஎம்னு ஒரு வகை, வெயிலுக்கும் மழைக்கும் அசராது, ஆனா பெட்ரோல், கெரசின், டீசல் பட்டா ஊதி உப்பிடும். கிளாடிங்கே கூட பாலிப்ரொப்பிலீன்ங்கற பிளாஸ்டிக்ல இந்த ரப்பரைக் கலந்து செய்யறதுதான் நெறைய வண்டியில. தின்னர் இன்னும் மோசம், பக்கத்துல இருக்கற பெயிண்ட்டை எடுத்துடும், கிரில் மாதிரி ஏபிஎஸ் பிளாஸ்டிக் மேல பட்டா அதையே கரைச்சிடும். அண்ணன் நல்ல மனசோடதான் சொல்லியிருப்பார், கேட்டுக்கிட்டு சரிண்ணேன்னு சொல்லிட்டு வந்துடுங்க.

இப்ப உங்க கறை என்னன்னு பாப்போம். நீங்க போட்டது அனேகமா கிளீனர் வேக்ஸா இருக்கும், அதுல மெழுகு மட்டும் இல்ல, அழுக்கை சுரண்டறதுக்கு வெள்ளையா ஒரு நைஸ் பவுடரும் கலந்திருக்கும். வழவழ பெயிண்ட் மேல அது தங்காது, துணியால எடுத்தா வந்துடும். கிளாடிங்ல அந்த சொரசொரப்புக்குள்ள பள்ளம் பள்ளமா இருக்கு, அதுக்குள்ள போயி காஞ்சு உக்காந்துக்கும். ஈரத்துல தெரியாம போறது தண்ணி அந்த பள்ளத்தை ரொப்பறதால, கறை போனதால இல்ல. வெறும் துணியால எவ்வளவு தேய்ச்சாலும் மேட்டை மட்டும்தான் தேய்ப்பீங்க, பள்ளத்துக்குள்ள துணி போகாது, அதுக்கு பிரஷ்தான் போகணும்.

அதனால இப்படி பண்ணுங்க. காலையில வெயில் ஏறறதுக்கு முன்னாடி, இல்ல நிழல்ல, பிளாஸ்டிக் தொட்டா சுடாம இருக்கறப்ப ஆரம்பிங்க. முதல்ல தண்ணி ஊத்தி மண்ணை எடுத்துடுங்க, மண்ணோட தேய்ச்சா கீறல் விழும். ஆல் பர்ப்பஸ் கிளீனர்னு கார் ஆக்சசரி கடையில கேட்டா தருவாங்க, ஒரு பங்குக்கு பத்து பங்கு தண்ணி, பாட்டில்ல என்ன போட்டிருக்கோ அதையும் படிச்சுக்கோங்க. ஸ்பிரே பண்ணி ஒரு நிமிஷம் ஊறவிட்டு, பழைய டூத் பிரஷ், சாஃப்ட்டா இருக்கறதா பாத்து, ஒரே பக்கமா இழுக்காம சுத்தி சுத்தி தேய்ங்க, காய விடாம கழுவிடுங்க. லேசா இருந்தா இதுலயே போயிடும். போகலைன்னா ஐசோப்ரொப்பைல் ஆல்கஹால், ஐபிஏன்னு கேட்டா மெடிக்கல்லயும் கிடைக்கும் எலக்ட்ரானிக்ஸ் கடையிலயும் கிடைக்கும், அதுல பாதி தண்ணி கலந்து மைக்ரோஃபைபர் துணியில தொட்டு துடைச்சு, உடனே பிரஷ்ஷால ஒரு தட்டு. மெழுகு இளகி வரும், வர்றத துணியில ஒத்தி எடுத்துடணும், இல்லாட்டி பக்கத்து பள்ளத்துக்கு நகர்ந்து போயி உக்காரும், நெறைய பேருக்கு போகாததே இதனாலதான். துணியோட சுத்தமான பக்கத்தை மாத்திக்கிட்டே இருங்க.

வீடியோவுல பீனட் பட்டர் தடவறாங்களே அது வேலை செய்யுமான்னு நீங்க கேக்கல, ஆனா அடுத்து அதான் கேப்பீங்க. செய்யும். அதுல இருக்கற எண்ணெய் மெழுகை இளக்குது, கடலைத் துகள் லேசா தேய்ச்சு குடுக்குது, அவ்வளவுதான் ரகசியம். அப்புறம் அந்த எண்ணெயை எடுக்க பாத்திரம் விளக்கற லிக்விட் போட்டு ரெண்டு தடவை கழுவணும், சரியா கழுவலைன்னா பார்க்கிங்ல எறும்பு வரிசை கட்டி வந்துடும். அதை பிரெட்ல தடவி சாப்பிடறதே மேல்னு என் அபிப்பிராயம். ஸ்கூல் பசங்களோட அழி ரப்பர் கூட சின்ன திட்டுக்கு நல்லா எடுக்கும், வெள்ளை ரப்பரா பாத்து எடுங்க. மேஜிக் ஸ்பாஞ்ச்சுன்னு விக்கறாங்களே அது மட்டும் ஜாக்கிரதை, அது நைஸ் உப்புத்தாள் மாதிரி, அழுத்தி தேய்ச்சா சொரசொரப்பே மழுங்கி அந்த இடம் மட்டும் மினுக்கும், அதுக்கு வைத்தியம் கிடையாது.

அடுத்த தடவை வேக்ஸ் போடறப்ப கிளாடிங் ஓரத்துல மாஸ்கிங் டேப் ஒட்டிட்டு போடுங்க.

வணக்கம். எங்க அப்பார்ட்மென்ட் மடிப்பாக்கத்துல. காலையில கார் துடைக்கற தம்பி ஒருத்தர் வர்றார், ஒரு பக்கெட் போர் தண்ணியில வரிசையா எல்லா வண்டியும் துடைச்சிட்டு போவார். எங்க கார்ல முன் கண்ணாடிக்கு அடியில, வைப்பர் கிட்ட இருக்கற கருப்பு பிளாஸ்டிக்ல உப்பு பூத்த மாதிரி வழிஞ்ச கோடு கோடா நிக்குது. தேய்ச்சு பாத்துட்டேன், அசையல.
*வாசகி, மடிப்பாக்கம்*

பூத்த மாதிரி இல்லம்மா, பூத்ததேதான். போர் தண்ணியில இருக்கற கால்சியம், மெக்னீசியம் தண்ணி காஞ்சதும் அப்படியே படிஞ்சு நிக்குது. குடிக்கற தண்ணிக்கான இந்திய தரம் ஐஎஸ் 10500ல கடினத்தன்மை லிட்டருக்கு 200 மில்லிகிராம்தான் இருக்கணும், வேற தண்ணி இல்லைன்னா 600 வரைக்கும் பொறுத்துக்கலாம்னு இருக்கு. சென்னையில நிறைய போர் தண்ணி எந்த ரகம்னு உங்க வீட்டு ஷவரையும் பக்கெட் ஓரத்தையும் பாத்தாலே தெரிஞ்சிடும். இது மெழுகு இல்ல, அதனால மேல சொன்ன ஆல்கஹாலோ எண்ணெயோ ஒண்ணும் பண்ணாது, இதுக்கு புளிப்புதான் வேணும்.

மளிகைக் கடை வெள்ளை வினிகர், பாதிக்கு பாதி தண்ணி. ஒரு துணியை அதுல நனைச்சு கறை மேல போட்டு அஞ்சு நிமிஷம் அப்படியே விடுங்க, வெறுமனே ஸ்பிரே பண்ணா வழிஞ்சு ஓடிடும். அப்புறம் பிரஷ், அப்புறம் நிறைய தண்ணி. ஒரே தடவையில போகாது, ரெண்டு மூணு தடவை பண்ணலாம். கீழ மார்பிள் போட்ட இடமா இருந்தா அங்க வெச்சு பண்ணாதீங்க, வினிகர் மார்பிளையும் அரிக்கும். பாத்ரூம் கழுவற ஆசிட் கிட்டவே போகக்கூடாது, கறை போகும், கூடவே பக்கத்துல இருக்கற ஸ்க்ரூ, க்ளிப், குரோம் பட்டை எல்லாம் துரு பிடிச்சிடும். இவ்வளவு பண்ணியும் வெள்ளையா ஒரு நிழல் நின்னா அது சிலிக்கா படிவா இருக்கலாம், அது வினிகருக்கு கரையாது, காரை சுத்தம் பண்ணி பாலிஷ் போடற ஒரு நல்ல டீட்டெய்லிங் கடைக்கு கொண்டு போயிடுங்க.

ஆனா எடுத்துட்டு மறுபடி அதே பக்கெட்ல துடைச்சா என்ன பிரயோஜனம். அந்த தம்பிகிட்ட கோவிச்சுக்காம சொல்லுங்க, கடைசியா ஒரு சொம்பு மெட்ரோ தண்ணி இல்ல கேன் தண்ணி விட்டு, காயறதுக்கு முன்னாடி காஞ்ச துணியால ஒத்தி எடுக்கணும். சைடு மிரருக்கு அடியிலயும் இதே மாதிரி கோடு விழும், அது உள்ள தேங்கி நிக்கற தண்ணி அப்புறமா சொட்டு சொட்டா வழியறதாலதான், துடைச்சு முடிச்சதும் மிரரை ஒரு தடவை மடக்கி விரிச்சு அந்த தண்ணியையும் எடுத்துட சொல்லுங்க. இன்னொண்ணு, தண்ணி வீணாகக்கூடாதுன்னு ஆர்ஓ மெஷின்ல கழிச்சு விடற தண்ணியை சேத்து வெச்சு கார் கழுவறது இப்ப நிறைய அப்பார்ட்மென்ட்ல பழக்கம். எண்ணம் நல்லதுதான், ஆனா அதுலதான் உப்பு எல்லாம் சேர்ந்து கெட்டியா இருக்கு. தரை கழுவ வெச்சுக்கோங்க, காருக்கு வேணாம்.

ஆயுத பூஜைக்கு வெச்ச மஞ்சள் குங்குமம் பம்பர் கீழ இருக்கற சாம்பல் கலர் பிளாஸ்டிக்ல பிடிச்சிடுச்சு. சோப்பு போட்டா மஞ்சள் சிவப்பா மாறுது, பயமா இருக்கு சார்.
*வாசகர், மயிலாப்பூர்*

பயப்படாதீங்க, மஞ்சள் காரத்துல சிவக்கும், ஆரத்தி தட்டுல சுண்ணாம்பு சேர்த்ததும் சிவக்கறது அதே சங்கதிதான். சோப்பை கழுவிட்டா திரும்ப மஞ்சளாயிடும். மஞ்சள்ல நிறம் தர்ற குர்குமின் தண்ணியில கரையாது, ஆல்கஹால்ல கரையும், அதனால கொரோனா காலத்துல வாங்கி வெச்ச லிக்விட் சானிடைசர் மிச்சம் இருந்தா அதுவே போதும், ஜெல் வேணாம். பஞ்சுல தொட்டு ஒத்தி ஒத்தி எடுங்க. மிச்சத்தை வெயில் பாத்துக்கும், வெயில் பட்டா மஞ்சள் நிறம் தானா மங்கிடும், வண்டியை கொஞ்ச நாள் அந்த பக்கம் வெயில் படற மாதிரி நிறுத்துங்க, காரை வெயில்ல நிறுத்துங்கன்னு நான் சொல்ற ஒரே சந்தர்ப்பம் இதுதான். குங்குமம் வேற கதை, கடையில வர்றதுல சாயப்பொடி கலந்தது நிறைய, அது இறங்கிட்டா முழுசா வராமலும் போகலாம். அடுத்த வருஷம் பொட்டை கண்ணாடி மேல வெச்சுடுங்க, சாமி ஒண்ணும் சொல்லாது.

புதுசா ரோடு போட்ட இடத்துல ஓட்டிட்டு வந்தேன், வீல் ஆர்ச் பூரா தார் புள்ளி.
*வாசகர், போரூர்*

தார் ரிமூவர்னே தனியா விக்குது, முதல்ல கண்ணுக்கு தெரியாத ஒரு மூலையில போட்டு பாத்துட்டு, துணியில எடுத்து புள்ளி மேல மட்டும் வெச்சு ஒரு நிமிஷம் விட்டு துடைங்க. கையில அது இல்லைன்னா தேங்காய் எண்ணெய் தடவி அரை மணி நேரம் ஊறவிட்டாலும் தார் இளகும், நேரம் ஆகும் அவ்வளவுதான். எது போட்டாலும் கடைசியில லிக்விட் சோப்பு போட்டு கழுவணும். நகத்தாலயும் பிளேடாலயும் சுரண்டாதீங்க. அப்பார்ட்மென்ட்டுக்கு பெயிண்ட் அடிக்கறப்ப தெறிச்ச எமல்ஷன் புள்ளிக்கு என்ன பண்றதுன்னு இன்னும் ரெண்டு பேர் கேட்டிருக்காங்க, அதுக்கு மேல சொன்ன ஐபிஏ போதும், இளகினதும் பிரஷ்ஷால வந்துடும்.

2012 மாடல் வண்டி. பம்பர், வைப்பர் கவர், பீடிங் எல்லாம் சாம்பலா வெளிறிப்போச்சு. எந்த கிளீனர் போட்டும் கறை போகல. சூடான காத்து ஊதற ஹீட் கன் காட்டுனா புதுசு மாதிரி கருப்பாயிடும்னு ஒரு வீடியோ பாத்தேன், பண்ணலாமாண்ணே?
*வாசகர், பெரம்பூர்*

தம்பி, உங்களுது கறையே இல்ல, அதான் போகல. மெழுகு கறைன்னா பெயிண்ட் ஓரத்துல பட்டையா இருக்கும், உப்புன்னா வழிஞ்ச கோடா இருக்கும், வெயில்ல வெளிறினது வெயில் படற மேல் பக்கம் பூரா ஒரே சீரா இருக்கும், நிழல்ல இருக்கற அடிப்பக்கம் மட்டும் இன்னும் கருப்பா நிக்கும். உங்க வீல் ஆர்ச்சுக்கு உள்பக்கம் குனிஞ்சு பாருங்க, புரிஞ்சிடும். அல்ட்ரா வயலட் பட்டு பட்டு மேல்தோல் சிதைஞ்சு பொடியா வெடிச்சிருக்கு, அந்த வெடிப்புல வெளிச்சம் சிதறறதுதான் சாம்பலா தெரியுது. இதை கிளீனர் போட்டு தேய்க்க தேய்க்க இன்னும் வெளிறும்.

ஹீட் கன் காட்டுனா மேல்தோல் லேசா உருகி வெடிப்பு மூடிக்கும், கருப்பு வரும், உண்மைதான், வீடியோவுல பொய் இல்ல. ஆனா கொஞ்ச மாசத்துல திரும்ப வெளிறும், அப்ப மறுபடி காட்டணும், ஒவ்வொரு தடவையும் சொரசொரப்பு போகும், ஒரு செகண்ட் கூட நின்னா பம்பர் வளைஞ்சிடும், பக்கத்து பெயிண்ட் கொப்பளிக்கும். நான் பண்ண சொல்ல மாட்டேன். எஞ்சின் ஆயில், தேங்காய் எண்ணெய், ஷூ பாலிஷ் தடவறதும் அதே மாதிரி ரெண்டு நாள் சந்தோஷம், அப்புறம் தூசி எல்லாம் அதுல ஒட்டும், முதல் மழைக்கு கதவு மேல கருப்பா வழியும்.

கார் ஆக்சசரி கடைங்க இருக்கற ஜிபி ரோடு பக்கம் போனா ரெண்டு வகை சரக்கு காட்டுவாங்க. ஒண்ணு டிரெஸ்ஸிங், சிலிகான் கலந்தது, தடவுனதும் கருப்பாகும், நாலஞ்சு வாஷ்ல போயிடும். இன்னொண்ணு டிரிம் கோட்டிங், காஞ்சு இறுகி பிடிச்சுக்கும், விலை ஜாஸ்தி ஆனா மாசக்கணக்குல நிக்கும். நீங்க ரெண்டாவதை வாங்குங்க. தடவறதுக்கு முன்னாடி கழுவி, முழுசா காய விட்டு, ஐபிஏ போட்டு துடைச்சிடணும், பழைய பாலிஷ் கொஞ்சம் இருந்தா கூட பிடிக்காது, ஓரத்துல டேப் ஒட்டிக்கோங்க, மெல்லிசா தடவி மிச்சத்தை உடனே துடைங்க, இல்லாட்டி திட்டு திட்டா நிக்கும். இறுகறதுக்கு எவ்வளவு நேரம் தண்ணி படக்கூடாதுன்னு பாட்டில்ல போட்டிருப்பாங்க, அதனால அக்டோபர்ல இருந்து டிசம்பர் மழை முடியற வரைக்கும் இந்த வேலையே வேணாம். பெயிண்ட் அடிச்சிடலாம்னு யாராவது சொன்னா, பிளாஸ்டிக் பிரைமர் போடறாங்களான்னு கேளுங்க, பாலிப்ரொப்பிலீன் மேல அது இல்லாம அடிச்ச பெயிண்ட் உரிஞ்சு வந்துடும். வைப்பர் கவர் விரிசல் விட்டிருந்தா அதுக்கு செலவு பண்ணாதீங்க, பழைய பார்ட்ஸ் விக்கற புதுப்பேட்டையில உங்க மாடலுக்கு நல்ல நிலைமையில கிடைக்குதான்னு தேடிப் பாருங்க, வாங்கறப்ப க்ளிப் எல்லாம் உடையாம இருக்கான்னு திருப்பி பாத்து வாங்குங்க.