நிழலில்லாக் கோடுகள் – வாசகர் கடிதமும் பதிலும்

அன்புள்ள ஐயா,

நெப்போலியன் காலத்து உள்ளலங்காரம் பற்றிய உங்கள் கட்டுரையில் பெர்சியே, ஃபோந்தேன் என்ற பிரெஞ்சுக் கட்டடக்கலைஞர் இருவரின் வரைபடங்களைச் சேர்த்திருந்தீர்கள். நிழலும் இல்லை, வண்ணமும் இல்லை. கம்பியை வளைத்து வைத்ததுபோல் வெறும் கோடுகள். கிரேக்க, ரோமானிய உருவங்களைப் படியெடுத்ததைத் தவிர இதில் என்ன கலை இருக்கிறது?

– ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

கம்பி என்ற உவமை எனக்குப் பிடித்திருக்கிறது. ஆனால் அந்த வெறுமை கைவராமையால் வந்ததன்று. ஷார்ல் பெர்சியே 1786-இல் ரோம் பரிசு என்னும் பிரெஞ்சுக் கலைப் பரிசைக் கட்டடக்கலைக்காகப் பெற்றவர். நீர்வண்ணத்தில் நிழலிட்டு வரைவதில் தேர்ந்தவர். பியர் ஃபோந்தேனுடன் சேர்ந்து 1801 முதல் பகுதி பகுதியாகவும், 1812-இல் 72 படத்தகடுகள் கொண்ட நூலாகவும் அவர் வெளியிட்ட உள்ளலங்காரத் தொகுப்பில் கோடுகளை மட்டும் நம்பியதற்குக் காரணங்கள் உண்டு. கிரேக்கக் குடுவைகளின் உருவங்களிலிருந்து பிறந்த இந்த ரசனையை, ஹோமரின் காவியங்களுக்கு ஆங்கிலேயச் சிற்பி ஜான் ஃபிளாக்ஸ்மன் வரைந்து 1793-இல் வெளியான கோட்டுச் சித்திரங்கள் ஐரோப்பா எங்கும் பரப்பியிருந்தன. மேலும், நிழலிட்டால் பொருளின் கனம் தெரியும், விளிம்பு மங்கும். தச்சருக்கும் வெண்கல வேலைக்காரருக்கும் வேண்டியது விளிம்பு.

படியெடுத்தல் என்பதை நான் ஏற்கமாட்டேன். நெப்போலியனுக்காகப் பொற்கொல்லர் பியன்னே செய்த கைகழுவும் தாங்கியைப் பாருங்கள். பண்டைய ரோமானியர் தணல் வைத்த முக்காலிதான் அதன் மூலம்; பெர்சியேயின் வரைவில் அது யூ மரக் கால்களும் பொன்முலாம் பூசிய வெண்கல அணிகளும் கொண்டு நீர்க்கிண்ணத்தைத் தாங்குவதாக மாறி, நெருப்பை விட்டு நீருக்கு வந்ததற்கேற்ப அன்னத்தையும் டால்பினையும் அணிந்துகொண்டது. பழைய சொல்லை வைத்துப் புது வாக்கியம் எழுதுவது போன்ற வேலை இது.

உங்கள் குறையில் நியாயமான பாதி வேறிடத்தில் இருக்கிறது. பளிங்குக்குப் பதில் சாந்து, சித்திரத்துக்குப் பதில் காகிதம், மணிக்கற்களுக்குப் பதில் கண்ணாடி என்று காலம் மலிந்துவிட்டதாக பெர்சியேயும் ஃபோந்தேனும் தங்கள் தொகுப்பின் முன்னுரையில் வருந்துகிறார்கள். எந்தப் பொருளால் செய்வது என்பதைச் சொல்லாத கோடுகளை ஊரெல்லாம் அச்சிட்டுக் கொடுத்தவர்களே இப்படி வருந்துவது எனக்குச் சற்று வேடிக்கையாகப் படுகிறது. பாரிஸ் அருகே நெப்போலியனின் மால்மேசோன் மாளிகையில் 1800 ஜூலையில் பத்தே நாளில் போர்க்கூடாரம்போல் அவர்கள் அமைத்த ஆலோசனை அறையும் அந்நூலில் உண்டு. நேரில் அங்கே கண்ணைக் கவர்வது சுவரை மூடித் தொங்கும் கோடிட்ட துணி. தாளிலோ துணியும் அதைத் தாங்கும் ஈட்டிக்கம்பமும் ஒரே மெல்லிய கோடுதான்.