டிரிப்ஸ் ஏறும் கை வீங்கினால்...

கேள்வி: வயிற்றுப்போக்கால் மருத்துவமனையில் சேர்த்த அப்பாவுக்கு (வயது 68, பி.பி. உண்டு) சலைன் ஏற்றினார்கள். சீக்கிரம் முடியட்டும் என்று டியூபில் இருக்கும் ரோலரை நானே தள்ளி வேகத்தைக் கூட்டினேன். இரவில் கை வீங்கிவிட்டது. டியூபில் காற்றுக்குமிழியும் இருந்தது. அதனால்தான் வீங்கியதா?

பதில்: குமிழிக்கும் வீக்கத்துக்கும் சம்பந்தமில்லை. டியூபில் ஒட்டியிருக்கும் ஒன்றிரண்டு சின்னக் குமிழிகள் நுரையீரலுக்குப் போய்க் கரைந்துவிடும். டியூபில் நீளமாகக் காற்று நின்றால் மட்டும் நர்ஸைக் கூப்பிடுங்கள்.

வென்ஃப்ளான் (டிரிப்ஸ் ஏற்றக் கையில் குத்தும் ஊசிக்குழல்) போட்டதும் இரும்பு ஊசியை உருவிவிடுவார்கள். உள்ளே தங்குவது மெல்லிய பிளாஸ்டிக் குழல்தான். மணிக்கட்டை மடக்கி மடக்கி அது ரத்தக்குழாயை (நாம் 'நரம்பு' என்போமே, அதை) விட்டு நழுவினால், சலைன் தோலுக்கடியில் இறங்கும். அந்த இடம் உப்பி, இறுகி, தொட்டால் சில்லென்று இருக்கும். சொட்டு விழுகிறதே என்று நம்பாதீர்கள். நழுவிய பிறகும் விழும். உடனே ரோலரை மூடிவிட்டு நர்ஸிடம் சொல்லுங்கள். நீங்கள் மூடலாம், திறக்கத்தான் கூடாது. குழலை எடுத்துவிட்டு வேறு இடத்தில் போடுவார்கள். கையைத் தலையணைமேல் உயர்த்தி வைத்தால், வெறும் சலைன் வீக்கம் ஓரிரு நாளில் வடியும். பாட்டிலில் பொட்டாசியம், கால்சியம் போன்ற மருந்து கலந்திருந்தால் தோல் புண்ணாகலாம். டாக்டர் பார்த்தே ஆகவேண்டும். குழல் போட்ட இடம் சிவந்து, சூடாக வலித்தால் அது ரத்தக்குழாய் அழற்சி. அப்போதும் குழலை மாற்றவேண்டும்.

எனக்குக் கவலை நீங்கள் கூட்டிய வேகத்தைப் பற்றித்தான். 500 மி.லி.யை 4 மணி நேரத்தில் ஏற்றச் சொன்னால் மணிக்கு 125 மி.லி. ஒரு மி.லி.க்கு 20 சொட்டு விழும் டிரிப்ஸ் செட்டில் (பாட்டிலோடு இணைக்கும் டியூப்) அது நிமிடத்துக்கு ஏறக்குறைய 42 சொட்டு. குழந்தைகளுக்கான செட்டில் ஒரு மி.லி.க்கு 60 சொட்டு, கணக்கே மாறிவிடும். நீர்ச்சத்து வற்றியவருக்கு மருத்துவமனையில் நாங்களே வேகமாக ஏற்றுவதுண்டு. ஆனால் 500 மி.லி. சலைனில் 4.5 கிராம் உப்பு இருக்கிறது. ஒரு நாள் முழுக்கச் சாப்பிட உலக சுகாதார நிறுவனம் சொல்லும் வரம்பே 5 கிராமுக்குள்தான். வயதானவருக்கு இதயமோ சிறுநீரகமோ பலவீனமாக இருந்தால், அவசரமாக ஏறிய நீர் நுரையீரலில் கோத்துக்கொள்ளும். படுத்தால் மூச்சு முட்டுவது, புது இருமல், எழுந்து உட்காரத் தவிப்பது: இவை தெரிந்தால் ரோலரை மூடிவிட்டு உடனே டாக்டரைக் கூப்பிடுங்கள்.

வாந்தி நின்று வாயால் குடிக்க முடிந்தால் ஓ.ஆர்.எஸ். போதுமா என்று கேளுங்கள். 'தெம்புக்கு ஒரு குளுக்கோஸ் பாட்டில்' கேட்காதீர்கள். 5 சதவீத குளுக்கோஸ் 500 மி.லி.யில் இருப்பது 25 கிராம் சர்க்கரை, ஏறக்குறைய இரண்டு இட்லியின் கலோரி.