நேற்று, எத்தனை மணிக்கு?

அன்புள்ள ஆசிரியருக்கு,

சென்ற மாதம் எழுதிய குறிப்பொன்றில், தூக்கம் கெட்டுப்போயிருந்த ஒரு காலத்தில் உளவியல் ஆலோசகர் ஒருவரிடம் ஏழு வாரங்கள் சென்றுவந்ததாகப் போகிற போக்கில் ஒரு வரி சொல்லியிருந்தீர்கள். அந்த ஒரு வரிதான் இந்தக் கடிதத்தை எழுத வைத்தது.

எனக்கு 42 வயது. கணக்குப் பிரிவில் வேலை. பெரிய துன்பம் என்று சொல்லிக்கொள்ள எதுவும் இல்லை. கடன் இல்லை, வீட்டில் யாருக்கும் கடுமையான நோய் இல்லை. ஆனாலும் ஞாயிற்றுக்கிழமை மாலை ஐந்து மணி ஆனதும் நெஞ்சை யாரோ பிடித்து அழுத்துவதுபோல் ஆகிவிடுகிறது. பிள்ளைகள் பேனாவைக் கீழே போட்டால்கூடக் கத்திவிடுகிறேன். பிறகு அதை நினைத்து இரவெல்லாம் வருந்துகிறேன். மருத்துவர் இதயத்துக்கான பரிசோதனைகளைச் செய்து பார்த்துவிட்டு, ‘ஒன்றும் இல்லை, மன அழுத்தம்தான், டென்ஷனைக் குறைத்துக்கொள்ளுங்கள்’ என்றார். எப்படி என்று அவரும் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை.

ஆலோசகரைப் பார்க்கலாமா என்று நண்பர்களிடம் கேட்டால், ‘இதற்கெல்லாமா?’ என்று சிரிக்கிறார்கள். என் அப்பா என்னைவிடப் பத்து மடங்கு பாரம் சுமந்தவர். அவர் யாரிடமும் போனதில்லை. மன உறுதி பிறவியிலேயே வருவதுதானே, அதைப் போய் ஒருவரிடம் கற்றுக்கொள்ள முடியுமா? நண்பரிடம் பேசுவதில் கிடைக்காத எது அங்கே கிடைக்கிறது? பெயரை வெளியிட வேண்டாம்.

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். ‘மன அழுத்தம்’ என்ற சொல் தமிழில் இரண்டு பேரின் வேலையைத் தனியாகப் பார்த்துக்கொண்டிருக்கிறது. ஸ்ட்ரெஸ் என்பதற்கும் அதையே எழுதுகிறோம். டிப்ரஷன் என்பதற்கு மனச்சோர்வு என்ற தனிச்சொல் இருந்தும், நாளிதழ்கள் பல நேரங்களில் அதற்கும் இதையே எழுதிவிடுகின்றன. இதனால் விளையும் குழப்பம் சிறியதன்று. அன்றாடச் சுமையால் திணறும் ஒருவர், தமக்கு மனநோய் வந்துவிட்டதோ என்று அஞ்சுகிறார். உண்மையிலேயே மனச்சோர்வில் இருப்பவரிடம் ‘எல்லோருக்கும் இருப்பதுதான்’ என்று சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். உங்கள் மருத்துவர் சொன்னது முதல் பொருளில் என்று எடுத்துக்கொண்டே எழுதுகிறேன்.

‘பெரிய துன்பம் எதுவும் இல்லை’ என்று நீங்கள் கிட்டத்தட்ட மன்னிப்புக் கேட்கும் தொனியில் எழுதியிருக்கிறீர்கள். 1967இல் ஹோம்ஸ், ராகே என்ற இரு ஆய்வாளர்கள், துணையின் மரணம், மணமுறிவு, வேலை இழப்பு என 43 வாழ்க்கை நிகழ்வுகளைப் பட்டியலிட்டு, திருமணத்தை அடிப்படையாக வைத்து மற்றவற்றை அதனோடு ஒப்பிட்டு மதிப்பிடச் செய்து வரிசைப்படுத்தினார்கள்; துணையின் மரணம் 100 மதிப்பெண்ணோடு முதலிடம் பெற்றது. வெகுகாலம் அதுவே அளவுகோலாக இருந்தது. 1981இல் அமெரிக்க உளவியலாளர் ரிச்சர்ட் லாசரஸும் அவருடைய சகாக்களும் நடுவயதினர் 100 பேரை மாதக்கணக்கில் பின்தொடர்ந்து பார்த்தபோது, அந்தப் பெரிய நிகழ்வுகளைவிட, தொலைந்த சாவி, முடியாத வேலை, ஓயாத சிறு சச்சரவு போன்ற அன்றாடத் தொல்லைகளே ஒருவரின் உளநலக் குறைவை நன்றாக முன்னுணர்த்தின. பெரிய துன்பம் வரும்போது ஊரே கூடிவிடும்; விடுப்பு கிடைக்கும்; அழுதால் யாரும் காரணம் கேட்கமாட்டார்கள். ஞாயிறு மாலை ஐந்து மணிக்கு அந்தச் சலுகைகள் எதுவும் இல்லை. உடம்போ இந்த வேறுபாட்டைப் பார்ப்பதில்லை. அட்ரினலின், கார்டிசால் போன்ற சுரப்புகள் புலி துரத்தும்போது எதற்காகப் பாய்கின்றனவோ, மேலதிகாரியின் குரல் நினைவுக்கு வரும்போதும் அதற்காகவே பாய்கின்றன. புலி போய்விடும், நினைவு போவதில்லை என்பதே வேறுபாடு.

இனி என் ஏழு வாரங்களைப் பற்றி. முதல் நாள் ஆலோசகர் முன்னால் அமர்ந்து, ‘எல்லாமே சுமையாக இருக்கிறது’ என்றேன். அனுதாபத்தை எதிர்பார்த்தே அதைச் சொன்னேன் என்பதை இப்போது ஒப்புக்கொள்ளலாம். அவர் தலையசைத்துவிட்டு, ‘நேற்று, எத்தனை மணிக்கு?’ என்று கேட்டார். எனக்குச் சற்றுக் கோபம்கூட வந்தது. யோசித்துப் பார்த்து, காலை பத்தேகால் இருக்கும் என்றேன். அப்போது எங்கே அமர்ந்திருந்தீர்கள், கையில் என்ன இருந்தது, அதற்குச் சற்று முன்பு என்ன நடந்தது, உடம்பில் முதலில் எந்த இடத்தில் தெரிந்தது என்று கேட்டுக்கொண்டே போனார். அரை மணி நேரம் அந்தப் பத்தேகாலைவிட்டு அவர் நகரவில்லை. கடைசியில் அகப்பட்டது இவ்வளவுதான்: பதிப்பாசிரியர் ஒருவர், ‘பேச வேண்டும், அழைக்கவும்’ என்று கைப்பேசியில் ஒரு செய்தி அனுப்பியிருந்தார். அதைப் படித்த கணத்தில் என் கீழ்த்தாடை இறுகியிருக்கிறது. அழைக்காமல், அந்த இறுகிய தாடையோடே மாலை வரை உட்கார்ந்திருந்திருக்கிறேன். மாலையில் அழைத்தபோது அவர் ஒரு பக்க எண்ணைப் பற்றித்தான் கேட்டார்.

ஒரு நோட்டில் நான்கு பத்திகள் போட்டுக்கொள்ளச் சொன்னார்: நேரம், நடந்தது, மனதில் ஓடியது, உடம்பில் தெரிந்தது. மூன்றாம் வாரம் நோட்டை விரித்தபோது 19 பதிவுகள் இருந்தன. அவற்றில் 11, உள்ளடக்கம் தெரியாத ஏதோ ஒரு செய்தியையோ அழைப்பையோ எதிர்கொண்ட நேரங்கள். ‘எல்லாமே’ என்று நான் கட்டி வைத்திருந்த மூட்டையை அவிழ்த்தால், பாதிக்குமேல் ஒரே பொருள்தான் இருந்தது. அதை வைத்துக்கொண்டு ஏதாவது செய்ய முடியும். ‘எல்லாமே’யை வைத்துக்கொண்டு எதுவும் செய்ய முடியாது.

இந்த நோட்டுக்குப் பின்னால் ஒரு கோட்பாடு இருக்கிறது என்பதைப் பிறகுதான் படித்தேன். லாசரஸும் சூசன் ஃபோல்க்மனும் 1984இல் விளக்கியபடி, ஒரு நிகழ்வு நம்மை அழுத்துவது இரண்டு மதிப்பீடுகளின் வழியாக: இதனால் எனக்கு என்ன கெடும் என்பது ஒன்று, இதைச் சமாளிக்க என்னிடம் என்ன இருக்கிறது என்பது மற்றொன்று. இரண்டும் கணத்தில், நமக்குத் தெரியாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. தேர்ந்த ஆலோசகர் அந்தக் கணத்தை இழுத்து நீட்டி, நாமே பார்க்கும்படி வைக்கிறார். அதன்பின், மாற்றக்கூடியது எது, மாற்ற முடியாதது எது என்று பிரிக்க வைக்கிறார். மாற்றக்கூடியதற்குத் திட்டம் வேண்டும். மாற்ற முடியாததற்கு நம் உடலையும் உணர்ச்சியையும் தணிக்கும் வழி வேண்டும். நம்மில் பலர் இதைத் தலைகீழாகச் செய்கிறோம். முடிக்க வேண்டிய கணக்கை முடிக்காமல் மூச்சுப் பயிற்சி செய்கிறோம். மேலதிகாரியின் சுபாவத்தை மாற்ற இரவெல்லாம் திட்டம் போடுகிறோம்.

உடலைத் தணிக்க அவர் எனக்குக் கற்றுக்கொடுத்தது, அமெரிக்க மருத்துவர் எட்மண்ட் ஜேக்கப்சன் 1920களில் வகுத்த தசைத் தளர்வுப் பயிற்சி: ஒவ்வொரு தசைத்தொகுதியையும் சில நொடிகள் வேண்டுமென்றே இறுக்கி, பிறகு விட்டு, இரண்டுக்கும் உள்ள வேறுபாட்டைக் கவனிப்பது. படுத்துக்கொண்டு முஷ்டியை இறுக்குவது முதல் வாரம் எனக்குச் சிரிப்பையே வரவழைத்தது. அமைதியாக இருக்கும் நேரத்தில் செய்யுங்கள், பதற்றம் வந்தபின் தொடங்காதீர்கள் என்று அவர் அழுத்திச் சொல்லியிருந்தார். வெள்ளத்தில் விழுந்தபின் நீச்சல் பழக முடியாது என்பதைப் போலத்தான் இது. ‘இதற்கெல்லாமா?’ என்று சிரிக்கும் உங்கள் நண்பர்களுக்கும் என் பதில் இதுவே. இதற்குத்தான் போக வேண்டும். சுமை கையாளும் அளவில் இருக்கும்போதுதான் அதை வைத்துப் பழக முடியும்.

நண்பரிடம் கிடைக்காதது என்ன என்று கேட்டிருக்கிறீர்கள். நண்பர் உங்கள் பக்கம் நிற்பவர். நீங்கள் பேசத் தொடங்கிய மூன்றாம் நிமிடத்தில் அவர் ஆறுதல் சொல்வார், அல்லது வழி சொல்வார், அல்லது தம் மேலதிகாரியின் கதையைத் தொடங்குவார். மூன்றும் அன்பின் வடிவங்களே. ஆனால் அந்த அன்புக்கு நடுவில் யாரும் உங்களிடம் மணி கேட்கமாட்டார்கள். மேலும், நண்பரிடம் சொன்னதை மறுநாளும் சுமக்க வேண்டியிருக்கிறது. அவர் முகத்தில் அது தெரிகிறதா என்று தேட வேண்டியிருக்கிறது. ஆலோசகரிடம் அந்தக் கடன் இல்லை. இதனால் நண்பர்கள் தேவையில்லை என்று நான் சொல்வதாகக் கொள்ள வேண்டாம். உங்கள் அடுத்த கேள்விக்கான பதிலே அவர்களிடம்தான் இருக்கிறது.

மன உறுதி பிறவியில் வருவதா என்ற கேள்விக்கு நீண்டகால ஆய்வு ஒன்று உண்டு. ஹவாயின் கவாய் தீவில் 1955இல் பிறந்த 698 குழந்தைகளை எம்மி வெர்னரும் அவருடைய குழுவினரும் நடுவயது வரை பின்தொடர்ந்தார்கள். வறுமை, குடும்பச் சச்சரவு, பெற்றோரின் நோய் என்று பல சுமைகள் ஒருசேர அழுத்திய குழந்தைகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கினர், திறமையும் அக்கறையும் உள்ள பெரியவர்களாக வளர்ந்தார்கள். இயல்பான குணமும் அதில் ஒரு பங்கு வகித்தது. அதே அளவுக்கு, தாத்தாவோ அத்தையோ ஆசிரியரோ, நிலையாக அக்கறை காட்டிய ஒருவராவது அவர்களுக்கு இருந்தது தெரியவந்தது. இதைவிட எனக்கு முக்கியமாகப் படுவது மற்றொன்று. பதின்வயதில் தடம் புரண்டவர்களிலும் பலர் தம் முப்பதுகளில் மீண்டு வந்திருந்தார்கள். தொடர்கல்வி, நல்ல மணவாழ்க்கை போன்ற இரண்டாம் வாய்ப்புகள் அவர்களுக்குக் கைகொடுத்திருந்தன. மீள்திறன் என்று இப்போது நாம் மொழிபெயர்க்கும் இந்தப் பண்பு இரும்பைப் போல ஒருவருக்குள் கிடப்பதாக இருந்தால், முப்பது வயதில் அது புதிதாக முளைத்திருக்க வழியில்லை. உங்கள் தந்தை யாரிடமும் போனதில்லை என்பது உங்களுக்குத் தெரியும். அவருடைய ஞாயிறு மாலைகள் எப்படிக் கழிந்தன என்பது தெரியுமா?

யாரிடம் போவது என்பதைச் சுருக்கமாகச் சொல்கிறேன். மனநல மருத்துவர் மருத்துவம் படித்தவர், மருந்து எழுதக்கூடியவர். மருத்துவ உளவியலாளர் உளவியலில் மேற்படிப்பும் பயிற்சியும் பெற்று, மதிப்பீடும் பேச்சுவழிச் சிகிச்சையும் அளிப்பவர். ஆலோசகர் என்ற சொல்லை யார் வேண்டுமானாலும் பலகையில் எழுதிக்கொள்ளும் நிலை பல இடங்களில் இருப்பதால், படிப்பையும் பயிற்சியையும் கூச்சப்படாமல் கேளுங்கள். எந்த முறையில் வேலை செய்வீர்கள், எத்தனை சந்திப்புகளுக்குப் பிறகு முன்னேற்றத்தை அளந்து பார்ப்போம், நான் சொல்வது எந்தச் சூழலில் வெளியே போகும் என்றும் கேளுங்கள். உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் இரகசியம் காக்க இயலாது என்பதைப் பொறுப்பான ஆலோசகர் முதல் சந்திப்பிலேயே சொல்லிவிடுவார். முதல் நாளே நோய்க்குப் பெயர் வைப்பவரையும், முழுக் குணம் என்று வாக்களிப்பவரையும், உங்களைவிட அதிகம் பேசுபவரையும் நான் தவிர்ப்பேன். என்னுடைய முதல் முயற்சி அப்படிப்பட்ட ஒருவரிடம்தான். ஐம்பது நிமிடங்களில் நாற்பதை அவரே பேசிவிட்டார். ஒருவர் பொருந்தவில்லை என்றால் மாற்றிக்கொள்வது நன்றிகெட்ட செயல் ஆகாது.

ஓர் எச்சரிக்கையும் உண்டு. மூன்று பேர் செய்ய வேண்டிய வேலையை ஒருவர் தலையில் கட்டிவிட்டு, அவருக்கு மீள்திறன் பயிலரங்கு நடத்தும் நிறுவனங்கள் பெருகிவருகின்றன. அதை நான் நேர்மையான செயலாகக் கருதவில்லை. உலக சுகாதார நிறுவனத்தின் நோய் வகைப்பாட்டுப் பதினொன்றாம் பதிப்பு 2019இல் ஏற்கப்பட்டபோது, பர்ன்அவுட் எனப்படும் பணிச்சோர்வு ஒரு நோய் அல்ல, சரிவரக் கையாளப்படாத நீண்டகாலப் பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே அதில் வரையறுக்கப்பட்டது. நல்ல ஆலோசகர் உங்கள் நோட்டைப் பார்த்துவிட்டு, ‘இது உங்களிடம் சரிசெய்ய வேண்டியதில்லை, அலுவலகத்தில் கேட்க வேண்டியது’ என்று சொல்லவும் தயங்கமாட்டார். எப்படிக் கேட்பது என்பதை ஒத்திகை பார்க்கவும் உதவுவார்.

இரண்டு வாரங்களுக்குமேல் எதிலும் நாட்டமற்ற சோர்வு நீடித்தாலோ, தூக்கமும் பசியும் அடியோடு மாறினாலோ மனநல மருத்துவரைப் பாருங்கள். வாழ்வதில் பொருளில்லை என்ற எண்ணம் வந்தால் அடுத்த சந்திப்புவரை காத்திருக்காமல் அன்றே உதவி கேளுங்கள். நெஞ்சு அழுத்தம் புதிய வகையில், உழைக்கும்போதோ கைக்குப் பரவியோ வந்தால், பழைய பரிசோதனை முடிவை நம்பியிராமல் உடனே மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

சந்திப்புக்கு நாள் குறித்துவிட்டால், இடையில் எப்படியும் ஒரு ஞாயிற்றுக்கிழமை வரும். ஐந்து மணிக்குச் சற்று முன்பு எங்கே இருந்தீர்கள், எதைப் பார்த்தீர்கள், என்ன நினைவு வந்தது என்று ஒரு தாளில் எழுதி, அதையே எடுத்துச் செல்லுங்கள். பேனா விழுந்த நேரத்தையும் குறித்துக்கொள்ளுங்கள்.