பலாலியில் ஏறினால் மலிவுதானா?

கேள்வி: தங்கச்சியின் கலியாணத்துக்குக் கூறை எடுக்க நானும் அம்மாவும் திருச்சி போக இருக்கிறோம். அம்மாவுக்கு 68 வயது, முழங்கால் வருத்தம். கொழும்பை விட யாழ்ப்பாணத்துப் பலாலி விமான நிலையத்தில் டிக்கெட் விலை குறைவாக இருக்கிறது. ஆனால் அது காற்றாடி வைத்த சின்ன விமானம், ஆட்டும் என்று அம்மா பயப்படுகிறா. எடுக்கலாமா?
- ஆரையம்பதி வாசகி

பதில்: அம்மாவின் பயத்தை முதலில் பார்ப்போம். பலாலிக்கு வருவது ஏடிஆர் 72 என்ற காற்றாடி விமான ரகம். 2019 இல் அலையன்ஸ் ஏர் நிறுவனம் சென்னையிலிருந்து வந்ததும், இண்டிகோ நிறுவனம் 2024 இல் சென்னைக்கும் 2025 இல் திருச்சிக்கும் தொடங்கியதும் இதே ரக விமானத்தில்தான். காற்றாடி இருப்பதால் பழைய விமானம் என்று நினைக்க வேண்டாம். உள்ளே இருப்பது ஜெட் இயந்திரம் போன்றதுதான். அதன் சக்தி காற்றாடியைச் சுழற்றுகிறது. குறுந்தூரத்துக்கு எரிபொருள் குறைவாகப் பிடிக்கும், நீளம் குறைந்த ஓடுபாதையும் போதும். எழுபது எண்பது இருக்கைகளை நிரப்பினால் சரி என்பதால்தான் இந்த வழியில் சேவை நடத்த முடிகிறது.

ஆட்டம் கொஞ்சம் இருக்கும். பெரிய ஜெட்டை விடத் தாழப் பறப்பதால் மாரிக்கால மேகத்துக்குள் குலுக்கம் தெரியும். அது ஆபத்தல்ல. ஒரு மணித்தியாலம் அளவில் பயணம் முடிந்துவிடும். காற்றாடிச் சத்தம் முன்பக்கம்தான் கூட, அதனால் பின் வரிசையில் இடம் கேளுங்கள். ஏறும் கதவும் பின்னால்தான், அம்மா அதிகம் நடக்கத் தேவையில்லை. படிகள் சிலதான், ஆனாலும் ஏறத்தான் வேண்டும். சக்கர நாற்காலி உதவியை டிக்கெட் போடும்போதே சொல்லி வையுங்கள்.

இனி விலை. டிக்கெட்டில் இருக்கும் தொகையை மட்டும் வைத்துக் கணக்குப் பார்க்காதீர்கள், உங்கள் வீட்டுப் படலையிலிருந்து பாருங்கள். இரவு பஸ்ஸில் யாழ்ப்பாணம், அங்கிருந்து பலாலிக்கு ஓட்டோ, நேரம் ஒத்துவராவிட்டால் ஒரு நாள் அறை வாடகை. கொழும்பென்றால் இரவு பஸ், பிறகு கட்டுநாயக்க விமான நிலையம். இரண்டையும் இரண்டு பேருக்கும் ஒரு தாளில் எழுதிக் கூட்டுங்கள். யாழ்ப்பாணத்தில் தங்கச் சொந்தக்காரர் இருந்தால் பெரும்பாலும் பலாலிதான் லாபம். அறை எடுக்க வேண்டுமென்றால் அந்த லாபம் கரைந்துவிடும். மட்டக்களப்பு வாவிக்கரையில் நமக்கே ஒரு விமான நிலையம் இருக்க, திருச்சிக்கு வடக்கே சுற்றிப் போக வேண்டியிருப்பது எனக்கு இன்றும் மனவருத்தம்தான்.

கூறை எடுக்கப் போகிறீர்கள், ஆகவே திரும்பும்போதுதான் பாரம். பட்டுச் சேலை, வேட்டி, பித்தளைச் சாமான் என்று சேர்ந்துவிடும். மலிவு டிக்கெட்டில் எத்தனை கிலோ என்பதைப் போகும் பயணத்துக்கும் வரும் பயணத்துக்கும் தனித்தனியாகப் பாருங்கள். கூடுதல் கிலோவை முன்கூட்டியே வாங்குவது, கவுண்டரில் தராசில் வைத்த பிறகு கட்டுவதை விட மலிவு. இன்னொன்று: ஏடிஆரில் தலைக்கு மேலுள்ள தட்டு சின்னது. கையில் கொண்டுபோகும் உருட்டுப் பையை விமானத்தடியில் வாங்கிக் கீழே ஏற்றிவிடுவார்கள். நகை, மருந்து, பாஸ்போர்ட் மூன்றையும் தோள் பையில் வையுங்கள்.

கேள்வி: முகவரிடம் டிக்கெட் போட்டால் நல்லதா? விமானம் ரத்தானால் காசு வருமா?
- கல்முனை வாசகர்

பதில்: விமான நிறுவனமே ரத்துச் செய்தால் வேறு விமானத்தில் இடம் அல்லது முழுப் பணம் கேட்க உங்களுக்கு உரிமை உண்டு. ஆனால் பணம் எந்த அட்டையால் கட்டப்பட்டதோ அதற்குத்தான் திரும்பிப் போகும். முகவர் தன் அட்டையால் கட்டியிருந்தால் நீங்கள் அவர் பின்னால்தான் திரிய வேண்டும்.

எங்கள் வீட்டில் நடந்ததைச் சொல்கிறேன். முகவர் ஒருவர் டிக்கெட்டில் தன் தொலைபேசி எண்ணைப் போட்டிருந்தார். விமான நேரம் முன்னுக்கு மாற்றப்பட்ட செய்தி அவருக்குப் போனது, எங்களுக்கு வரவில்லை. இரவெல்லாம் பஸ்ஸில் வந்து, பைகளோடு வாசலில் நின்றபோது கவுண்டர் மூடியிருந்தது. என் அக்கா அங்கே ஒரு கதிரையில் இருந்து அழுதது இன்னும் கண்ணில் நிற்கிறது.

ஆகவே முகவரிடமே போட்டாலும் உங்கள் எண்ணும் மின்னஞ்சலும் டிக்கெட்டில் இருக்கின்றனவா என்று பாருங்கள். முன்பதிவு எண்ணையும், டிக்கெட் விலையும் முகவர் கூலியும் தனித்தனியாக எழுதிய பற்றுச்சீட்டையும் கேட்டு வாங்குங்கள். புறப்படுவதற்கு முதல் நாள், பஸ் ஏறும் முன், அந்த எண்ணைப் போட்டு நேரத்தை நீங்களே ஒருமுறை பாருங்கள். திருச்சியிலிருந்து வேறு ஊருக்குத் தனி டிக்கெட்டில் விமானம் வைத்திருந்தால் இடையில் ஒரு நாள் விடுங்கள். முதல் விமானம் பிந்தினால் அடுத்த டிக்கெட்டுக்கு யாரும் பொறுப்பேற்கமாட்டார்கள்.