புது பெல்ட் போட்டும் கிரைண்டர் வழுக்குவது ஏன்?

புது வி-பெல்ட் மாட்டியும், மாவு கெட்டியானதும் கல் நின்றுவிடுகிறது, மோட்டார் மட்டும் சுற்றுகிறது என்று கேட்டிருக்கிறீர்கள். பெல்ட்டை விட்டுவிட்டு, அது ஓடும் பள்ளமுள்ள சக்கரமான புல்லியைப் பாருங்கள்.

வி-பெல்ட் பிடிப்பது அதன் இரண்டு பக்கச் சரிவுகளால்தான். அடிப்பாகம் புல்லியின் பள்ளத்தைத் தொடவே கூடாது. மோட்டார் புல்லியின் பள்ளத்துக்குள் டார்ச் அடியுங்கள். அடித்தளம் கண்ணாடி மாதிரி பளபளத்தால் பக்கங்கள் தேய்ந்து பெல்ட் கீழே இறங்கி உட்காருகிறது என்று அர்த்தம். எத்தனை பெல்ட் மாற்றினாலும் வழுக்கும், புல்லியைத்தான் மாற்றவேண்டும்.

பழைய பெல்ட்டின் எண்ணையும் பாருங்கள். ஏ-38 என்றால் மேல் அகலம் 13 மி.மீ., உள் நீளம் 38 அங்குலம். எழுத்து மாறினால் பள்ளத்தில் சரியாக உட்காராது.

மாட்டும்போது பிளக்கைக் கழற்றிவிட்டு, மோட்டார் போல்ட்டுகளைத் தளர்த்தி, மோட்டாரை உள்ளே தள்ளுங்கள். பெல்ட்டை ஸ்க்ரூ டிரைவரால் நெம்பி ஏற்றினால் அதன் உள்ளிருக்கும் நூல் அறுந்துவிடும், வெளியே தெரியாது. இரண்டு புல்லிகளின் முகத்திலும் ஒரு நேரான ஸ்கேலை வைத்துப் பாருங்கள். கோணல் இருந்தால் பெல்ட் ஒரு பக்கம் மட்டும் தேய்ந்து கறுப்புத் தூள் கொட்டும். புல்லிகளுக்கு இடையே 30 செ.மீ. இருந்தால், நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் 5 மி.மீ. அமுங்கவேண்டும். அதைவிட இறுக்கினால் பேரிங் போய்விடும். புது பெல்ட் முதல் சில ஓட்டத்திலேயே கொஞ்சம் தளரும், மறுபடி இறுக்குங்கள்.

வழுக்கலுக்குக் குங்கிலியப் பொடி தூவாதீர்கள், தயவுசெய்து. பெல்ட்டின் மேல் மாவுத் தண்ணீர் கசிகிறதா என்று பாருங்கள்.