கம்ப்யூட்டர் சயின்ஸ் சீட்டுக்காக நகையை அடகு வைக்காதீர்கள்

நெல்லிக்குப்பத்திலிருந்து ஓர் அம்மா எழுதியிருக்கிறார். அரசுப் பள்ளியில் பிளஸ் டூ முடித்த மகள் பி.ஏ. வரலாறு படிக்க வேண்டும் என்கிறாளாம். தாய்மாமன் ஒரு தனியார் பொறியியல் கல்லூரியில் கம்ப்யூட்டர் சயின்ஸ் மேனேஜ்மென்ட் சீட்டுக்குப் பேசிவிட்டார். முன்பணத்துக்கு நகையை அடகு வைக்கலாமா என்று அந்த அம்மா கேட்கிறார்.

உங்கள் பயம் புரிகிறது அம்மா. ஆனால் வைக்காதீர்கள். மனசு ஒட்டாத படிப்பில் நாலு வருஷம் உட்கார்ந்தால் அரியர் சேரும், வட்டியும் சேரும். அந்த வட்டியைக் கட்டப்போவது நீங்கள், உங்கள் அண்ணன் இல்லை. கடலூர் பெரியார் அரசு கலைக் கல்லூரிக்கு அவள் வீட்டிலிருந்தே போய்வரலாம். ஆறாம் வகுப்பிலிருந்தே அரசுப் பள்ளியில் படித்தவள் என்றால் புதுமைப்பெண் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் அவள் கணக்குக்கே வரும்.

வரலாறு படித்தால் டீச்சர் வேலை, டி.என்.பி.எஸ்.சி. எல்லாம் உண்டு என்பது உங்களுக்கே தெரியும், விடுங்கள். யாரும் சொல்லாதது பழைய ஆவணங்களையும் ஓலைச்சுவடிகளையும் காக்கும் வேலை. பக்கத்திலேயே புதுச்சேரி இருக்கிறது. 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு ஆய்வு நிறுவனத்தில் ஆயிரக்கணக்கான ஓலைச்சுவடிக் கட்டுகள் இருக்கின்றன. அங்குள்ள சைவச் சுவடிகளை யுனெஸ்கோ 2005-இல் உலக நினைவுப் பதிவேட்டில் சேர்த்தது. சுவடியைத் தூசி தட்டி, புல்தைலம் தடவி, கிரந்த எழுத்தை (தமிழகத்தில் சமஸ்கிருதம் எழுதப் பயன்பட்ட பழைய எழுத்து) படித்து, அட்டவணை போட்டு, ஸ்கேன் செய்யப் பயிற்சி பெற்ற ஆள் வேண்டும். மத்திய அரசின் பழைய ஆவணங்களைக் காக்கும் தேசிய ஆவணக் காப்பகத்துக்கும் புதுச்சேரியில் ஒரு மையம் உண்டு. 1736 முதல் 1761 வரை, பிரெஞ்சுக்காரர்களிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாட்குறிப்பு எழுதிய ஊர் அது. பழைய தமிழ்க் கையெழுத்தும் பிரெஞ்சும் சேர்ந்து படிக்கத் தெரிந்தவர்களுக்கு அங்கே வேலை இருக்கிறது.

வழி நீளமானதுதான், மறைக்க மாட்டேன். பி.ஏ.வுக்குப் பிறகு எம்.ஏ. கண்டிப்பாக வேண்டும். அப்புறம் டெல்லி தேசிய ஆவணக் காப்பகத்தில் ஆவணப் பராமரிப்பில் ஒரு வருஷ டிப்ளமோ படிக்கலாம். இல்லையென்றால் தமிழகத் தொல்லியல் துறையின் இரண்டு வருஷக் கல்வெட்டு, தொல்லியல் டிப்ளமோ இருக்கிறது, அதில் உதவித்தொகையும் தருகிறார்கள். பணியிடங்கள் குறைவு, தொடக்கச் சம்பளமும் ஐ.டி. சம்பளம் போல் இருக்காது. ஆனால் கடன் இல்லாத வீட்டுக்கு அந்தச் சம்பளம் போதும்.

சேர்வதற்கு முன் ஒன்று செய்யுங்கள். கலைக் கல்லூரிகளின் வரலாற்றுத் துறைகள் ஏப்ரல் 18 உலக மரபு நாள், நவம்பர் 19 முதல் 25 வரை உலக மரபு வாரம் போன்ற சமயங்களில் சொற்பொழிவும் கண்காட்சியும் நடத்துவதுண்டு. காலாப்பட்டில் உள்ள புதுச்சேரிப் பல்கலைக்கழகத்திலும் கருத்தரங்குகள் நடக்கும். துறை அலுவலகத்தில் கேட்டால் அடுத்த நிகழ்ச்சி எப்போது, வெளியாட்கள் வரலாமா என்று சொல்வார்கள். அவளைக் கூட்டிப்போய் முன் வரிசையில் உட்கார வையுங்கள். முடிந்ததும் பேராசிரியரிடம் அவளே போய்ப் பேசட்டும், நீங்கள் பேசாதீர்கள்.

அவள் விருப்பம் மாறவில்லை என்றால் விண்ணப்பத்தில் முதல் பாடமாக வரலாற்றைப் போடுங்கள். முதல் வருஷமே பிரெஞ்சு வகுப்பிலும் சேர்த்துவிடுங்கள்.